வீட்டுலயே முடி வெட்டிக்கலாமா? எல்லாரும் கேக்குற கேள்விங்களும் பதிலும்

மலேசியாவுல, பேராக்ல இருக்கிற எங்க சுங்கை சிப்புட் டவுன்லயும் சுத்தி இருக்கிற தோட்டங்கள்லயும் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு பல பேரு என்கிட்ட வீட்டுல முடி வெட்டுறதப் பத்தி கேட்டுக்கிட்டே இருக்காங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும்னு தான் இது.

வீட்டுல வெட்டுனா நல்லா வருமா, பாக்க அசிங்கமா ஆயிடாதா?

நல்லாவே வரும், ஆனா எல்லா கட்டும் வராது. பக்கமும் பின்னாலயும் குட்டையா மேல கொஞ்சம் நீளமா இருக்கிற சாதா கட்டு, ஸ்கூல் பையன் கட்டு, தல முழுக்க ஒரே நம்பர்ல ஓட்டுறது, பொம்பளைங்களுக்கு நுனி வெட்டுறது, இதெல்லாம் வீட்டுல தாராளமா செய்யலாம். கீழ தோலு தெரியிற அளவுக்கு எறக்கி மேல போகப் போக கருப்பா ஏத்துற ஸ்கின் ஃபேட் வேணும்னா கடைக்குப் போங்க, அது வருஷக்கணக்கா கை பழகுனவங்க வேல, வீடியோ பாத்து ஒரு ஞாயித்துக்கிழமையில வந்துடாது.

கெட்டுப் போறதுக்கு காரணம் முக்கால்வாசி ஒண்ணு தான், எடுத்த எடுப்புலயே குட்டையா வெட்டுறது. நீளமா விட்டு ஆரம்பிச்சு, பாத்து பாத்து குறைச்சா யாரு வெட்டுனாலும் பாக்குற மாதிரி தான் வரும். கீழ இருக்கிற பதில்ல பாதி இதையே தான் சுத்தி சுத்தி வரும், ஏன்னா வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

காசு எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு கணக்குக்கு ஆளுக்கு 15 வெள்ளின்னு வச்சுக்குங்க. அப்பா, ரெண்டு பையன், மாசம் ஒரு தடவன்னா 45 வெள்ளி, வருஷத்துக்கு 540 வெள்ளி. 2025ல இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அந்த சம்பளத்துல ஓடுற குடும்பத்துக்கு 540 சின்ன காசு இல்ல, ஸ்கூல் தொறக்கிற நேரத்துல சட்ட, சிலுவார், சப்பாத்து எல்லாம் அதுல வாங்கிடலாம். சுமாரான மெஷின் ஒண்ணு வாங்குனா அந்த காச சில மாசத்துலயே எடுத்துடலாம்.

ஆனா காச விட எனக்கு பெருசா தெரியுறது நேரமும் அலைச்சலும் தான். தோட்டத்துல உள்ள இருக்கிறவங்களுக்கு பஸ் வசதி கெடையாது, மோட்டர் இருக்கிறவங்க தான் டவுனுக்கு போயி வர முடியும். ஞாயித்துக்கிழம கடையில உக்காந்து காத்திருந்தே பாதி நாள் போயிடும், தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாரம் கேக்கவே வேணாம். வயசானவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க இருக்கிற வீட்டுல இது காசு விஷயமே இல்ல, வீட்டுல யாராவது ஒருத்தருக்கு வெட்டத் தெரிஞ்சிருந்தா அது அந்த வீட்டுக்கே பெரிய உதவி.

எல்லாரும் இப்படி வெட்ட ஆரம்பிச்சா நம்ம ஆளுங்க கடைக்கு பொழப்பு போயிடாதா?

இத நெறைய பேரு மனசு கஷ்டப்பட்டு கேக்குறாங்க, கேக்க வேண்டிய கேள்வி தான். எனக்குத் தெரிஞ்சு நம்ம முடி வெட்டுற கடைங்களுக்கு பெரிய அடி வெட்ட ஆள் கிடைக்காதது தான். 2009ல அரசாங்கம் முடிதிருத்தும் கடை, துணிக்கடை, பொற்கொல்லர் தொழில் மூணுக்கும் வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்கிறத நிறுத்திடுச்சு. நம்ம பிள்ளைங்களும் அந்த வேலைக்கு அவ்வளவா வரல. நாற்காலி நாலு இருக்கும், வெட்டுறவரு ஒருத்தர் தான் இருப்பாரு, அப்படி எத்தனையோ கடை. 2023 செப்டம்பர்ல தான் அந்த மூணு தொழிலுக்கும் சேத்து 7,500 பேர எடுக்கலாம்னு திரும்ப அனுமதி குடுத்தாங்க.

அதனால மாசாமாசம் ஓட்டுற சாதா கட்ட வீட்டுல வெட்டிட்டு, கல்யாணம், தீபாவளி, பொங்கல்னு வரும்போது கடைக்குப் போங்க, நல்லா வெட்டுனா அஞ்சு வெள்ளி சேத்தே குடுங்க. நல்லா வெட்டுறவரு கையப் பாத்துக்கிட்டு இருந்தாலே நீங்களும் கத்துக்கலாம்.

என்ன சாமான் வாங்கணும்?

மெஷின் ஒண்ணு, முடி வெட்டுற கத்திரி ஒண்ணு, சீப்பு ரெண்டு, கைக்கண்ணாடி ஒண்ணு, போத்திக்க துணி. அவ்வளவு தான்.

மெஷின்ல ரெண்டு வகை இருக்கு. ஒயர் உள்ளது கனமா இருக்கும், சத்தம் போடும், ஆனா வருஷக்கணக்கா ஓடும், அடர்த்தி முடிக்கு நல்ல பலம் இருக்கும். பேட்டரி உள்ளது லேசு, தனியா வெட்டிக்கிறவங்களுக்கு சுலபம், ஆனா பேட்டரி எறங்குனா முடிய வெட்டாம கடிச்சு இழுக்கும், அதனால முழுசா சார்ஜ் போட்டுட்டு தான் ஆரம்பிக்கணும். தாடி ஒதுக்குற சின்ன ட்ரிம்மர வச்சு தலமுடி முழுக்க வெட்டலாம்னு நெனைக்காதீங்க, வாய் சின்னது, நம்ம முடிக்கு சூடாகி நின்னுடும். வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்து குடுத்தா முதல்ல வோல்ட் பாருங்க, அமெரிக்கா சாமான் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊரு கரண்டு 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நேரா சொருகுனா மோட்டார் போயிடும்.

(கையில புடிச்சு வெட்டுற மின்சார மெஷினுக்கு அமெரிக்காவுல லியோ வால்ங்கிறவரு 1919ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாரு, இன்னைக்கும் கடைங்கள்ல நீங்க பாக்குற வால் மெஷின் அவரு பேருல உள்ளது தான்.)

கத்திரிக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க. சமையல் கட்டு கத்திரி, துணி வெட்டுற கத்திரி ரெண்டும் முடிய வழுக்க விட்டு நசுக்கும், நுனி பொளந்துக்கும். ஆறு அங்குலத்துல முடிக்குன்னே உள்ள கத்திரி வாங்கி, அத வச்சு பேப்பர் கூட வெட்டாம தனியா வைங்க, பிள்ளைங்க கையில கெடைக்காத எடத்துல.

நம்பர் ஒண்ணு, நம்பர் ரெண்டுன்னு சொல்றாங்களே, அது என்ன?

மெஷின் வாயில மாட்டுற, சீப்பு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் கார்டோட நம்பர். வெட்டுன பிறகு தலையில எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கும்ங்கிறது தான் அந்த கணக்கு. நம்பர் 1 மாட்டுனா 3 மில்லிமீட்டர், 2ன்னா 6, 3ன்னா 10, 4ன்னா 13, 6ன்னா 19, 8ன்னா 25. ஒரு நம்பருக்கு சுமாரா 3 மில்லி கூடும். கார்டு இல்லாம ஓட்டுனா கிட்டத்தட்ட மொட்ட தான். சில கம்பெனியில அளவு வேற மாதிரி இருக்கும், அதனால நம்பர நம்பாம கார்டு மேல எழுதியிருக்கிற மில்லிமீட்டர பாருங்க.

மெஷின் பக்கத்துல இருக்கிற லீவரையும் கவனிங்க. மேல தள்ளுனா குட்டையா வெட்டும், கீழ எறக்குனா கொஞ்சம் நீளமா விடும், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவுல உள்ள அளவு அதுல கிடைக்கும்.

சரி, ஆரம்பத்துல இருந்து எப்படி வெட்டுறது?

முதல்ல தலைய குளிச்சு எண்ணெய் போக கழுவி நல்லா காய விடுங்க. நம்ம வீட்டுல தேங்காண்ணெ தேச்ச தலையோட அப்படியே வந்து உக்காந்துடுவாங்க, எண்ணெய் முடி மெஷின் வாயில ஒட்டிக்கிட்டு கார்டுக்குள்ள அடைச்சுக்கும், ஒரு எடம் வெட்டும் ஒரு எடம் வெட்டாது. மெஷினுக்கு காஞ்ச முடி தான். வெளிச்சத்துக்கு வாசல்ல, அஞ்சடியில நாற்காலி போட்டு பகல்ல வெட்டுங்க, ட்யூப் லைட் வெளிச்சத்துல மேடு பள்ளம் தெரியாது.

எந்த நம்பர் வேணும்னு நெனைக்கிறீங்களோ அதுக்கு ரெண்டு நம்பர் மேல ஆரம்பிங்க. பக்கத்துக்கு 2 வேணும்னா 4 மாட்டி ஓட்டுங்க. முடி வளந்து படுத்திருக்கிற திசைக்கு எதிரா, கீழ இருந்து மேல, கார்டு தலையில நல்லா படியிற மாதிரி, அழுத்தாம, மெதுவா. வேகமா தள்ளுனா மெஷின் முடிய விட்டுட்டு போகும், அப்புறம் அங்கங்க குச்சி குச்சியா நிக்கும்.

எது வரைக்கும் ஏத்துறதுங்கிறது தான் பல பேருக்கு தெரியாத எடம். ஒரு சீப்ப எடுத்து தலை பக்கவாட்டுல தட்டையா வைங்க, கீழ எல்லாம் ஒட்டி இருக்கும், மேல தல உள்ள வளையிற எடத்துல சீப்பு தலைய விட்டு விலகும். அந்த விலகுற எடம் தான் எல்ல. அந்த எல்லைக்கு கொஞ்சம் கீழயே மெஷின வெளிய இழுத்துடணும், கைய தலையோட வளைவுல விடாம நேரா வெளிய கொண்டு வாங்க. தலை வளைவோடயே மெஷினும் போச்சுன்னா மேல் முடிக்குள்ள பூந்து பள்ளம் விழுந்துடும், அது வளந்து வர ரெண்டு மாசம் ஆகும்.

பின்னால உச்சியில சுழி இருக்கிற எடத்துல முடி சுத்தி சுத்தி வளரும், ஒரே பக்கமா ஓட்டுனா பாதி நிக்கும், அங்க மட்டும் நாலு பக்கம் இருந்தும் ஓட்டுங்க. ரெட்ட சுழி உள்ளவங்களுக்கு அந்த எடத்த ரொம்ப குட்டையாக்க வேணாம், முள்ளு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும்.

4 ஓட்டி முடிச்ச உடனே நின்னு பாருங்க. இதுவே போதும்னு தோணுச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க, பல தடவ அது தான் சரியா இருக்கும். இன்னும் வேணும்னா 3, அப்புறம் காதுக்கு மேல ரெண்டு விரல் உயரத்துக்கு மட்டும் 2.

நம்பர் மாறுற எடத்துல கோடு தெரியுதே?

தெரியும், எல்லாருக்கும் தெரியும். கீழ 2, மேல 4 ஓட்டியிருந்தா நடுவுல கோடு விழுற எடத்துக்கு 3 மாட்டுங்க, லீவர கீழ எறக்கி, கோட்டு மேல மட்டும் சின்ன சின்னதா தட்டி தட்டி எடுங்க. அப்பயும் இருந்தா லீவர பாதி மேல தள்ளி இன்னொரு தடவ. கார்டு முனை மட்டும் முடியில படணும், முழுசா அழுத்தி ஓட்டக் கூடாது. ரெண்டு நாள் போனா முடி படிஞ்சு லேசான கோடு தானா மறஞ்சிடும், அதுக்காக உக்காந்து நோண்டி நோண்டி இன்னும் மேல ஏத்திடாதீங்க.

மேல் முடிய கத்திரியால எப்படி வெட்டுறது?

லேசா தண்ணி தெளிச்சு, முன்னால இருந்து பின்னால வரிசை வரிசையா சீப்பால தூக்கி, ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சு விரலுக்கு மேல நிக்கிறத வெட்டணும். முதல் வரிசையில வெட்டுன முடி கொஞ்சத்த அடுத்த வரிசையோட சேத்து புடிச்சா அது தான் அளவு. குறுக்க நேரா வெட்டாம கத்திரி முனைய கீழ பாத்து வச்சு கொத்தி கொத்தி வெட்டுனா கோடு தெரியாது.

ஈர முடி நீளமா தெரியும், காஞ்சா சுருங்கும். நேர் முடிக்கு கொஞ்சம் தான், ஆனா நம்ம ஆளுங்கள்ல சுருட்ட முடி நெறைய பேருக்கு, அவங்களுக்கு ஈரத்துல காதுக்கு கீழ நிக்கிற முடி காஞ்சதும் காதுக்கு மேல ஏறிடும். சுருட்ட முடிக்காரங்க காஞ்ச பிறகே வெட்டுங்க, சுருள் எப்படி விழுதுன்னு பாத்து ஒவ்வொரு சுருளா.

துணைக்கு ஆள் இல்ல, தனியா முடியுமா?

முன்னாலயும் பக்கமும் முடியும். பின்னால ரெண்டு கண்ணாடி வேணும், சுவத்துல ஒண்ணு, கையில ஒண்ணு. தனியா வெட்டுறவங்களுக்கு நான் சொல்றது, தல முழுக்க ஒரே நம்பர், 4 இல்ல 5, அதுல தப்பு வர வழியே கம்மி, கண்ணாடி பாக்காம தடவிப் பாத்தே விட்டுப் போன எடத்த கண்டுபிடிச்சிடலாம்.

பின் கழுத்து கோடு மட்டும் தயவு செஞ்சு யாரையாவது கூப்பிட்டு செய்ய சொல்லுங்க. தனியா செஞ்சா ஒரு பக்கம் ஏறிடும், அத சரி பண்ண இன்னொரு பக்கம் ஏத்துவீங்க, கடைசியில கோடு மண்டையில போயி நிக்கும். முடி இயற்கையா எங்க முடியுதோ அந்த கோட்டுக்கு கீழ உள்ள பூன முடிய மட்டும் எடுத்தா போதும்.

கழுத்துல முடி வெட்டுனா பரு பருவா வருது, என்ன செய்றது?

சுருட்ட முடி, கெட்டி முடி உள்ளவங்களுக்கு இது அதிகம். ரொம்ப ஒட்ட வெட்டுன முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளயே பூந்துக்கும், அது வீங்கி பருவாகும். அப்படி வர்றவங்க பின் கழுத்துல பிளேடும் போட வேணாம், கார்டு இல்லாம மெஷினும் ஓட்ட வேணாம், நம்பர் 1க்கு கீழ எறங்காம வச்சுக்குங்க. பரு கல்லு மாதிரி கெட்டியாகி தழும்பா வளந்துக்கிட்டே போனா கிளினிக்ல காட்டுங்க, அது கெட்டியான தழும்பாவே நின்னுடும், அந்த எடத்துல முடியும் முளைக்காது, சீக்கிரமா காட்டுறது நல்லது. சட்ட காலர் உரசுறதும் வெயில்ல வேர்வையும் அத கூட்டும், அதனால வெட்டுன உடனே குளிச்சிடணும்.

பொம்பளைங்க வீட்டுல வெட்டலாமா?

நுனி வெட்டுறது தாராளமா. நல்லா சிக்கெடுத்து, ரெண்டா பிரிச்சு முன்னால கொண்டு வந்து, ரெண்டையும் ஒரே எடத்துல ரப்பர் போட்டு கீழ எறக்கி, ரப்பருக்கு கீழ உள்ளத வெட்டுனா நடு முதுகுல லேசா வளைவா வரும். நேர் கோடா வேணும்னா பின்னால இருந்து இன்னொருத்தர் தான் வெட்டணும், தல நேரா இருக்கணும், குனியக் கூடாது. லேயர், முன் நெத்தி முடி எல்லாம் வெட்ட தோணுச்சுன்னா ஒரு நாள் பொறுத்து யோசிங்க, குழந்த பொறந்து சில மாசத்துல முடி கொட்டும்போது தான் நெறைய பேருக்கு அந்த ஆச வருது, அந்த கொட்டல் தானா நிக்கக் கூடியது, அதுக்காக அவசரப்பட்டு வெட்ட வேணாம்.

சின்ன பிள்ளைங்க மெஷின் சத்தத்துக்கே அழுவுறாங்களே?

முதல்ல மெஷின ஓட விட்டு உங்க கையில வச்சு காட்டுங்க, அப்புறம் அவங்க கையில பின்பக்கத்த வைங்க, அன்னைக்கே வெட்டணும்னு இல்ல. அப்பயும் பயந்தா கத்திரியும் சீப்பும் போதும். காத விரலால மடக்கிப் புடிச்சிக்கிட்டு வெட்டுங்க, பிள்ள திடீர்னு திரும்புனா கத்திரி உங்க விரல்ல படணுமே தவிர காதுல படக் கூடாது. தூங்கும்போது வெட்டலாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல, முழிச்சு பாக்கும்போது கத்திரி தெரிஞ்சா அடுத்த தடவ கிட்டயே வராது.

சத்தமும் தலைய தொடுறதும் தாங்க முடியாத ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு வீடு தான் நல்ல எடம், ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறு பக்கம்னு வெட்டுனாலும் யாரும் கேக்கப் போறதில்ல.

தாத்தா படுக்கையிலயே இருக்காரு, அவருக்கு எப்படி?

உக்கார முடிஞ்சா தலகாணி வச்சு சாச்சு உக்கார வைங்க. முடியலன்னா ஒரு பக்கமா படுக்க வச்சு, தலைக்கு கீழ பழைய துணி போட்டு அந்த பக்கத்த முடிங்க, அப்புறம் திருப்பி மறுபக்கம். வயசானவங்க தோலு பேப்பர் மாதிரி மெல்லிசு, கார்டு இல்லாத மெஷின் பட்டாலே கிழியும், அதனால 3, 4 நம்பர் தான், பிளேடு வேணாம். இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு சின்ன கீறலும் சீக்கிரம் ஆறாது, ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் நிக்க நேரம் எடுக்கும். நடுவுல மெஷின் வாய தொட்டுப் பாருங்க, சூடாயிருந்தா நிறுத்துங்க, அவங்களுக்கு சுடுதுன்னு சொல்லத் தெரியாம இருக்கலாம். முடிஞ்சதும் ஈரத் துணியால கழுத்து, காது மடிப்பு எல்லாம் தொடச்சிடுங்க, முதுகுல ஒட்டுன முடித்துணுக்கு படுக்கையில கிடந்தா ராத்திரி முழுக்க அரிக்கும். அவருக்கு எப்படி சீவி பழக்கமோ அப்படி சீவி விட்டு கண்ணாடிய காட்டுங்க, பாக்கணும்னு ஆச இருக்கும்.

ஒரே மெஷின வீட்டுல எல்லாரும் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஒவ்வொருத்தருக்கும் நடுவுல சுத்தம் பண்ணுனா. பிரஷ்ஷால முடிய தட்டிட்டு, கார்ட சோப்பு போட்டு கழுவி, மெஷின் வாய 70 சதவீத ஆல்கஹால்ல தொடச்சு காய விடுங்க. தலையில படை இருக்கிற பிள்ளைக்கு வெட்டுன மெஷின அப்படியே இன்னொருத்தருக்கு போட்டா அவங்களுக்கும் ஒட்டிக்கும். சவர பிளேடு மட்டும் யாரோடயும் பங்கு போடவே கூடாது, ஹெப்படைட்டிஸ் பி, சி ரெண்டுமே ரத்தம் மூலமா பரவும், கண்ணுக்கு தெரியாத கீறல் போதும்.

தொடச்சு காஞ்ச பிறகு வாயில ரெண்டு மூணு சொட்டு எண்ணெய் விட்டு கொஞ்ச நேரம் ஓட விடுங்க. மெஷினோட வர்ற எண்ணெய் தீந்துட்டா தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காண்ணெ, நல்லெண்ணெ விடாதீங்க, அது பிசினாகி வாய அடைச்சிடும்.

செவ்வா, வெள்ளியில வெட்டலாமா? அமாவாசையில?

வீட்டுல பெரியவங்க வேணாம்னா வேணாம், வாரத்துல இன்னும் அஞ்சு நாள் இருக்கு, வீட்டுலயே மெஷின் இருக்கும்போது நாளப் பாத்து வெட்டுறது இன்னும் சுலபம் தானே. குழந்தையோட முதல் மொட்ட, வேண்டுதல் மொட்ட எல்லாம் கோயில்லயே வைங்க, அது முடி வெட்டுற விஷயம் இல்ல.

வெட்டுன முடிய எங்க போடுறது?

லோங்காங்ல கூட்டி விடாதீங்க, பாத்ரூம் ஓட்டையிலயும் போக விடாதீங்க, முடி மக்க ரொம்ப நாளாகும், சோப்பு அழுக்கோட சேந்து கயிறு மாதிரி திரிஞ்சு அடச்சுக்கும். பழைய பேப்பர் விரிச்சு வெட்டி அப்படியே சுருட்டி குப்பையில போடுங்க. முடியில நைட்ரஜன் நெறைய இருக்கு, பின்னால வாழ, முருங்க வச்சிருக்கிறவங்க கொஞ்சமா மண்ணுக்குள்ள பொதைக்கலாம், மேல தூவுனா காத்துல பறந்து பக்கத்து வீட்டு துணியில ஒட்டும்.

கெட்டுப் போச்சு, இப்ப என்ன செய்றது?

முதல்ல மெஷின கீழ வைங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல வளரும், அந்த கணக்குல பாத்தா நம்பர் 2க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் மூணு வாரத்துக்குள்ள சரியாயிடும். 2020 மார்ச் 18ல ஊரடங்கு போட்டு ஜூன் 10 வரைக்கும் கடை தொறக்காம இருந்தப்ப எத்தனையோ வீட்டுல அப்பா, அண்ணன் தான் வெட்டுனாங்க, பள்ளம் விழுந்தவங்களுக்கும் ஒரு மாசத்துல மூடிக்கிச்சு. பள்ளம் ரொம்ப மேல இருந்தா, மறுநாள் ஸ்கூல், வேலைன்னா, தல முழுக்க அந்த பள்ளத்தோட நம்பருக்கு ஒரு நம்பர் மேல ஓட்டிடுங்க, லேசா தான் தெரியும். அதுவும் வேணாம்னா கடைக்குப் போயி நடந்தத அப்படியே சொல்லுங்க, அந்த அண்ணனுங்க இத விட மோசமா பாத்திருப்பாங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணி விடுவாங்க, அப்ப அவரு எந்த நம்பர் மாட்டுறாரு, எந்த எடத்துல கைய வெளிய இழுக்கிறாருன்னு நல்லா பாத்துட்டு வாங்க.